செக்ரட்டரி சாக மாட்டார்

செக்ரட்டரியை முதலில் கத்தியால் வெட்டினேன். முழங்கால் மடங்கிக் கீழே விழுந்தார். கொஞ்ச நேரம் தலையைத் தொங்கப் போட்டிருந்தார். பிறகு எழுந்து, எதுவுமே நடக்காதது போல என்னைப் பார்த்து "வணக்கம்" என்றார். கோடாலியால் வெட்டினேன். எழுந்து வணக்கம் சொன்னார். தீ வைத்தேன். எரிந்துகொண்டே வணக்கம் சொன்னார். மலையுச்சிக்குத் தள்ளிக்கொண்டு போய் உருட்டிவிட்டேன். நான் சுற்றுப்பாதையில் இறங்கி ஊருக்குள் வருவதற்குள் அவர் கிணற்றுக்குப் பக்கத்தில் தன் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வணக்கம்.

இதெல்லாம் கணினி விளையாட்டில் நடந்தது. நிஜத்தில் நான் யார் மேலும் கை வைத்ததில்லை. வைக்கத் தோன்றியதுண்டு. அதை மறைக்கப் போவதில்லை.

அது வாளும் குதிரையும் உள்ள கதை விளையாட்டு. நாம் ஒரு ஆளாக அதற்குள் போய் ஊர் ஊராகச் சுற்றலாம், சண்டை போடலாம், ஊர்க்காரர்களோடு பேசலாம். செய்த கம்பெனி வெளிநாட்டில் இருக்கிறது. விளையாட்டோடு சேர்த்து ஒரு கருவியும் கொடுத்திருந்தார்கள். மோட் டூல் என்பார்கள். அதை வைத்து நாமே புது வீடு கட்டலாம், புது ஆட்களைச் செய்து ஊருக்குள் விடலாம், அவர்கள் என்ன பேச வேண்டும் என்று எழுதலாம். உங்கள் உலகத்தை நீங்களே ஆளுங்கள் என்கிற மாதிரி விளம்பரம் செய்தார்கள். நான் அதை நம்பி ஒரே ஒரு ஆளைச் செய்தேன். எங்கள் அபார்ட்மெண்ட் அசோசியேஷன் செக்ரட்டரியை.

ஏன் என்று சொல்கிறேன்.

நானும் அம்மாவும் மேற்கு மாம்பலத்தில் இருந்தோம். அந்த வீட்டை இடித்துக் கட்ட பில்டரிடம் கொடுத்துவிட்டார்கள். மயிலாப்பூரில் ஒரு சந்தில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்தோம். ஃப்ளாட்டின் சொந்தக்காரர் மகளோடு வெளிநாட்டில் இருக்கிறார். அதனால் எங்களுக்கு ஓனரும் செக்ரட்டரிதான், போலீஸும் செக்ரட்டரிதான். ஓய்வு பெற்ற அதிகாரி, நாலாவது மாடி, கனத்த உடம்பு. நான் தி.நகரில் ஒரு துணிக்கடையில் விலை ஸ்டிக்கர் அடிக்கும் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். அம்மா இட்லி மாவு அரைத்து விற்கிறாள். மாம்பலத்திலும் அதுதான், இங்கும் அதுதான். அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. மூன்றாவது மாடி என்றதும் நான் வேண்டாம் என்றேன். "அதான் லிஃப்ட் இருக்குல்ல" என்றாள் அம்மா. அந்த லிஃப்டுக்காகத்தான் அந்த வீட்டையே எடுத்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

குடிவந்த மறுநாள் அரிசிப் பையும் உளுந்துப் பையுமாகக் கடையில் இருந்து வந்து கீழே லிஃப்டுக்கு நின்றோம். லிஃப்ட் வந்தது. உள்ளே இருந்து செக்ரட்டரி இறங்கினார். அம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எந்த வீட்ல வேலை பாக்கற?"

அம்மாவுக்குப் புரியவில்லை. சிரித்தாள். "மூணாவது மாடிங்க."

"எந்த மாடியா இருந்தா என்ன? வேலைக்காரங்களுக்குப் படி இருக்கு. நீ படியில போ."

நான் முன்னால் வந்தேன். "சார், நாங்க மூணாவது மாடிக்குக் குடி வந்திருக்கோம். இவங்க என் அம்மா."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பைகளைப் பார்த்தார். தப்பாகப் பேசிவிட்ட மனிதன் சொல்வதற்குத் தமிழில் எவ்வளவோ இருக்கிறது. அவர் சொன்னது இதுதான்: "ஓ, டெனண்ட்டா. இருந்தாலும் மூட்டையெல்லாம் லிஃப்ட்ல ஏத்தக் கூடாது. படியில போ."

முதல் 'போ' அம்மாவை வேலைக்காரி என்று நினைத்துச் சொன்னது. அதையும் நான் மன்னிக்கவில்லை. வீட்டு வேலைக்கு வருகிறவளுக்கும் முழங்கால் இருக்கிறது. ஆனால் இரண்டாவது 'போ' ஆள் யார் என்று தெரிந்த பிறகு சொன்னது. எங்கள் சந்தில் கீரை விற்பவரில் இருந்து கேஸ் சிலிண்டர் போடுபவர் வரை எல்லோரும் என் அம்மாவை வாங்க, போங்க என்றுதான் சொல்கிறார்கள். கடைசியில் ஒட்டுகிற ஒரு 'ங்க'. அவ்வளவுதான் கேட்கிறோம். அந்த ஆள் வாயில் அது வரவில்லை.

அந்த வாரமே லிஃப்ட் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டினார். மாவு, மூட்டை, தண்ணீர் கேன் ஆகியவற்றை லிஃப்டில் ஏற்றக் கூடாது, படியைப் பயன்படுத்தவும், இப்படிக்கு செயலாளர். அந்தக் கட்டடத்தில் மாவு தூக்குகிறவர்கள் நாங்கள் மட்டும்தான். பெயர் எழுதாததுதான் பாக்கி. அடுத்த மாதம் அவர் வீட்டுக்குப் புது வாஷிங் மெஷின் வந்தது. அது லிஃப்டில் ஏறியது. நான் போய்க் கேட்டேன்.

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி" என்றார்.

"வாஷிங் மெஷின் ஏறிச்சே சார்."

"வாஷிங் மெஷின் மூட்டையா?"

கதவைச் சாத்திவிட்டார்.

காலையில் வேலைக்குப் போவதற்கு முன் நான் தூக்க முடிந்ததையெல்லாம் தூக்கி வைப்பேன். ஆனால் மாவு வியாபாரம் நாள் முழுக்க இறங்கி ஏறுகிற வியாபாரம். மூலையில் இருக்கிற கடைக்குக் காலையிலும் சாயங்காலமும் வாளி போக வேண்டும். வெறும் கையோடு போகும்போது லிஃப்டில் போகலாம் அல்லவா என்றால், எப்போது வெறும் கை? வாளி இல்லாவிட்டால் பை. அம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் கைப்பிடியைப் பிடித்து நின்று "அம்மா..." என்று மூச்சு விடுவாள். லீவு நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் எனக்கு அது கேட்கும். ஒரு திருப்பத்துக்கு ஒரு அம்மா. கேட்டுக்கொண்டே இருந்தால் மண்டைக்குள் என்ன வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எனக்கு வந்தது இதுதான்: இவரைச் செய்து, ஊருக்குள் விட்டு, வெட்ட வேண்டும்.

அதற்குக்கூட அந்த டூல் லாயக்கில்லை.

முகத்தில் இருந்தே ஆரம்பித்தது. மூக்கை நீட்டலாம், தாடையை அகலமாக்கலாம். தொப்பை வைக்க முடியாது. கண்ணாடி கிடையாது. தாடி இல்லாத முகமே கிடையாது. வேட்டியைப் பற்றிப் பேச வேண்டாம். கடைசியில் எங்கள் செக்ரட்டரி தலையில் கம்பளிக் குல்லாயும் மார்பு வரை தாடியுமாக, பனி பெய்கிற ஊரில் ஆடு மேய்க்கிறவர் மாதிரி வந்து நின்றார். சரி, பெயராவது இருக்கட்டும் என்று தலைக்கு மேல் 'செக்ரட்டரி' என்று தட்டினேன். ச தனியாக, கொம்பு அதற்குப் பின்னால் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாக வந்து நின்றது. தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் வரும் என்பதே அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. கடையில் பழைய ஸ்டிக்கர் மிஷினில் இதே தலைவலி உண்டு. அதற்காக வைத்திருந்த பழைய டி.டி.பி. எழுத்துருவைக் கொண்டுவந்து உள்ளே திணித்து, முதலில் கொம்பைத் தட்டி, பிறகு ச-வைத் தட்டி, ஒருவழியாகப் பெயரை நிற்க வைத்தேன். அதற்கே பல ஞாயிற்றுக்கிழமைகள் போயின. பேச்சுப் பெட்டியில் சோதனைக்காக 'வணக்கம்' என்று போட்டேன். ஒரு ஆளுக்கு ஒரே ஒரு பேச்சுதான். காலையில் பார்த்தாலும் அதுதான், வெட்டினாலும் அதுதான்.

பிறகுதான் வெட்டினேன். சாகவில்லை.

அந்த விளையாட்டில் கொல்லன் சாவான், குயவன் சாவான், கோழி சாகும். கம்பெனி செய்த ஆட்கள் எல்லோரும் சாவார்கள். நாம் செய்து சேர்க்கிற ஆள் மட்டும் சாக மாட்டான். டூல் அவனைப் பாதுகாக்கப்பட்ட ஆள் என்று முத்திரை குத்திவிடுகிறது. முத்திரையை எடுக்க வழியே இல்லை. கம்பெனியின் இணைய மன்றத்தில் போய், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், நான் செய்த ஆளை நானே கொல்ல ஏன் விடவில்லை என்று கேட்டேன். அங்கே பதில் சொல்கிற ஆள் ஒருவர், உங்கள் ஆர்வத்துக்கு நன்றி, புதிய கதாபாத்திரங்கள் பாதுகாக்கப்பட்டவை, எங்கள் வடிவமைப்பே அப்படித்தான் என்று எழுதி, ஒரு சிரிக்கிற முகத்தையும் போட்டார். ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான் தம்பி. அதே குரல். ஆத்திரத்தில் அந்த ஆளின் மன்றப் பெயரை வைத்து ஒரு பன்றி செய்து ஊர் எல்லையில் விட்டேன். வெட்டினேன். பன்றியும் சாகவில்லை.

இதை என் நண்பனிடம் சொன்னேன். எங்கள் கடைக்கு எதிரில் பையும் பெல்ட்டும் விற்கிறான். பரம்பரையாகத் தோல் வியாபாரம். வீட்டில் உருது, கடையில் மெட்ராஸ் தமிழ். என்னோடு சேர்ந்து அதே விளையாட்டை விளையாடுகிறவன். சாப்பாட்டு நேரத்தில் போனில் வீடியோவைக் காட்டினேன். செக்ரட்டரி எரிந்துகொண்டே வணக்கம் சொல்கிற இடத்தில் அவனுக்குப் புரை ஏறிவிட்டது.

"நீ கத்தியால வெட்ற, அவரு வணக்கம் சொல்லிக்கினு கீறாரு. உன்ன விட அவருக்குத்தான் மச்சி மரியாதை தெர்யுது."

"சிரிக்காதடா. ஒரு வழி சொல்லு."

"சாவ மாட்டாருன்னா இன்னா? நடப்பாரா?"

"நடப்பாரு. ரெண்டு இடம் குறிச்சுக் குடுத்தா அதுக்கும் இதுக்கும் நடப்பாரு. அதுக்கு மேல டூல்ல வழி இல்ல."

அவன் விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தான். "உங்க அம்மாவ இன்னா பண்ணாரு? ஏற வுட்டாரு இல்ல? நீயும் ஏற வுடு."

அந்த விளையாட்டில் கடலோரம் ஒரு காவல் கோபுரம் உண்டு. உள்ளே சுற்றிச் சுற்றிக் கல் படிகள். அன்று சாயங்காலம் போய் முதல் குறியைக் கோபுரத்தின் அடியில் வைத்தேன். இரண்டாவது குறியை உச்சியில் வைத்தேன். செக்ரட்டரி குல்லாயும் தாடியுமாகப் படியில் ஏற ஆரம்பித்தார். உச்சிக்குப் போனார். திரும்பினார். இறங்கினார். மறுபடி ஏறினார். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதிலும் மண்ணைப் போட்டார்கள். என் ஆளை ஊருக்குள் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போயிருந்தேன். கை கழுவிவிட்டு வந்து, கோபுரத்துக்குப் போய்ப் பார்த்தால், பாதிப் படியில் இருக்க வேண்டியவர் உச்சியில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விளையாட்டில் என் ஆள் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போய்விட்டால் அவர் நடப்பதில்லை. யாரும் பார்க்காதபோது ஆட்களை நடக்க வைப்பது கணினிக்கு வீண் வேலையாம். அதனால் நேராகத் தூக்கிப் போய்ச் சேர வேண்டிய இடத்தில் வைத்துவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்தால்தான் படி. கண்ணை எடுத்தால் உச்சி.

"அங்கயும் அவருக்கு லிஃப்ட் கீது மச்சி" என்றான் நண்பன்.

சரி, பார்த்துக்கொண்டே இருக்கிறேன் என்று முடிவு செய்தேன். எனக்கென்ன வேறு வேலை? கடை விட்டு வந்ததும் என் ஆளைக் கோபுரத்துக்குள் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, செக்ரட்டரி ஏறுவதைப் பார்ப்பேன். ஏறுகிறவர் என் பக்கத்தில் வரும்போது தலைக்கு மேல் அந்தப் பேச்சு வரும். வணக்கம். அது எரிச்சலாக இருந்தது. அந்த இடத்தில் அவர் சொல்ல வேண்டியது வேறு என்று தோன்றியது. நிஜத்தில் சொல்லாததை இங்கே சொல்ல வைக்கலாம் அல்லவா? 'அம்மா லிஃப்ட்ல போங்க.' அது போதும். அதற்கு மேல் எனக்கு எந்த மன்னிப்பும் வேண்டாம்.

தட்டினேன். 'அம்மா லிஃப்ட்ல போ' வரைக்கும் உட்கார்ந்தது. 'ங்க' உட்காரவில்லை.

அந்தப் பெட்டி இத்தனை எழுத்துதான் கொள்ளும் என்று ஒரு அளவு வைத்திருந்தார்கள். ஆங்கிலத்துக்கு அது ஏராளம். ஆனால் டூல் தமிழை எண்ணுகிற விதம் வேறு. புள்ளி ஒரு எழுத்து, கொம்பு ஒரு எழுத்து, கால் ஒரு எழுத்து. 'ம்' என்பது இரண்டு. 'போ' என்பது மூன்று. நாம் ஒரு வாய் சொல்வதற்குள் அது இரண்டு வாய் எண்ணிவிடுகிறது. அம்மாவை எடுத்தால் 'போங்க' உட்காரும். அம்மா இருந்தால் 'போ'தான். லிஃப்டை எடுத்துவிடலாம், ஆனால் அந்த ஆள் லிஃப்ட் என்கிற சொல்லை வாயால் சொல்ல வேண்டும் என்பதுதானே விஷயம். இடைவெளியை எடுத்துப் பார்த்தேன், எழுத்தை நெருக்கிப் பார்த்தேன். 'ங்' வந்தது, 'க' விழுந்தது. தமிழில் மரியாதை கடைசியில் வருகிறது. வெட்டும்போது அதுதான் முதலில் போகிறது. மன்றத்தில் மறுபடி எழுதினேன். உங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்று பதில் வந்தது.

அந்த நேரம் பார்த்து அம்மா வந்து பின்னால் நின்றாள். முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே திரையைப் பார்த்தாள்.

"யாருடா இது, குல்லா போட்டுக்கிட்டு?"

"செக்ரட்டரிம்மா."

"அவருக்கு எதுக்கு இவ்ளோ தாடி?"

"தாடி இல்லாத மூஞ்சி இதுல இல்ல."

"எதுக்கு ஏறிக்கிட்டே இருக்காரு?"

"நான்தான் ஏற வச்சிருக்கேன்."

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். செக்ரட்டரி சுற்றி ஏறி எங்கள் பக்கம் வந்தார். தலைக்கு மேல் எழுத்து வந்தது. அம்மா எழுத்துக் கூட்டிப் படித்தாள். "அம்மா... லிஃப்ட்ல... போ." படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இங்கயும் போவா?"

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. பெட்டியைப் பற்றி விளக்கினேன். "ங்க வைக்க இதுல இடம் இல்லம்மா."

"அந்தாளு வாயிலதான் இடம் இல்லன்னு நெனச்சேன். உன் டப்பாவிலயும் இல்லையா?"

"என்ன பண்ணச் சொல்ற?"

"பேச்ச எடுத்துடு. எனக்கு அவன் போங்கன்னு சொல்லவும் வேணாம், போன்னு சொல்லவும் வேணாம். பேசாம ஏறட்டும்."

பேச்சை எடுக்கவும் அந்த டூல் விடாது. பெட்டி காலியாக இருந்தால் சேமிக்கிற பொத்தான் மங்கிப் போய்விடும். அதனால் ஒரே ஒரு புள்ளி வைத்தேன். செக்ரட்டரி தலைக்கு மேல் ஒரு புள்ளியோடு ஏறினார், இறங்கினார். அன்றில் இருந்து அம்மா சாயங்காலம் சீரியல் பார்ப்பதை விட்டுவிட்டாள். வாளி கொடுத்துவிட்டு வந்து, தைலத்தை எடுத்துக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்து செக்ரட்டரியைப் பார்ப்பாள். நான் ஏதாவது வேலையாக எழுந்தால், "நீ போ, நான் பாத்துக்கறேன்" என்பாள். விளையாட்டில் என் ஆள் அங்கேயே நின்றால் போதும், திரைக்கு முன்னால் யாரும் உட்கார வேண்டியதில்லை என்று நான் சொல்லவில்லை. பார்க்கட்டும்.

அந்த வருஷ மழை உங்களுக்குத் தெரியும். வேளச்சேரி மாதிரி எங்களுக்கு முழுகவில்லை. ஆனால் சந்துத் தண்ணீர் கட்டடத்துக்குள் வந்து லிஃப்ட் குழியில் நிரம்பிவிட்டது. தண்ணீரை இறைத்த பிறகு மெக்கானிக் வந்து திறந்து பார்த்து, உள்ளே இருக்கிற எலக்ட்ரானிக் கார்டு போய்விட்டது, பார்ட்ஸ் வெளியூரில் இருந்து வர வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லோருக்கும் படிதான். எங்களுக்கு ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லை. கேட்டால் கொடூரமாக இருக்கும், ஆனால் அந்த நாட்களில் காலையில் படியில் இறங்கும்போது நான் விசில் அடித்தேன்.

ஒருநாள் சாயங்காலம் அம்மாவும் நானும் கீழே இருந்து ஏறினோம். அம்மா கையில் உளுந்து, என் தோளில் தண்ணீர் கேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் செக்ரட்டரி படியிலேயே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காய்கறிப் பை. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஒரு கையால் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எங்களை முதலில் அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு "அம்மா..." என்றார். அச்சு அசலாக என் அம்மா விடுகிற மூச்சு. அதே இடத்தில், அதே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

பிறகு கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார். "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

நான் காத்திருந்தேன். 'குடுங்க' என்று ஒருமுறை வரும் என்று நினைத்தேன். வாய் வறண்டு, கால் போய், படியில் உட்கார்ந்திருக்கிற நிலையிலும் அது வரவில்லை. குடும்மா.

அம்மா நின்றாள். "தண்ணி மூணாவது மாடியில இருக்குங்க" என்றாள். "ஏறி வாங்க. மெதுவா வாங்க."

அவர் என் தோளைப் பார்த்தார். "கேன்ல இருக்கே."

"அது படியில ஏத்துற தண்ணிங்க. நீங்கதானே எழுதி ஒட்டியிருக்கீங்க. மேல போய்த்தான் இறக்கணும்."

அத்தனை 'ங்க'வும் அவர் மேல் விழுந்தது. என் அம்மா ஒருவரைத் திட்டி நான் கேட்டதில்லை. அன்றும் அவள் திட்டவில்லை. நான் கேனை இறக்கியிருக்கலாம். இறக்கவில்லை. அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை.

நாங்கள் முன்னால் போனோம். பின்னால் அவர் ஏறி வருவது கேட்டது. ஒரு கால், பிறகு இன்னொரு கால், பிறகு அந்தப் பை படியில் உரசுகிற சத்தம். திருப்பத்தில் நின்று "அம்மா" என்றார். எங்கள் வாசலுக்கு வருவதற்குள் இன்னொரு முறை. அம்மா உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றாள். அவர் நின்றபடியே குடித்தார். சொம்பைத் திருப்பிக் கொடுத்தார். நன்றி என்று ஒன்றும் சொல்லவில்லை. இன்னும் ஒரு மாடி ஏறிப் போனார். அவர் கதவு திறந்து மூடுகிற வரைக்கும் அம்மா வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் நேராகக் கணினியைப் போட்டேன். புள்ளியை அழித்தேன். 'அம்மா' என்று தட்டினேன். ஒழுங்காக உட்கார்ந்தது. கொம்பு இல்லை, அதனால் பழைய எழுத்துருவின் தில்லுமுல்லு எதுவும் தேவைப்படவில்லை. வெட்டுப்படவும் இல்லை. பெட்டியில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது. செக்ரட்டரி படியில் ஏறி வந்தார். தலைக்கு மேல் எழுத்து வந்தது. அம்மா படித்தாள். அவர் உச்சிக்குப் போய், இறங்கி, மறுபடி ஏறி வந்தார். மறுபடி படித்தாள்.

"என்னைக் கூப்பிடறானா, வலியில கத்தறானா?"

"உனக்கு எப்படி வேணுமோ அப்படி வச்சுக்கோ."

"கத்தட்டும்" என்றாள்.

லிஃப்ட் பிறகு சரியானது. அது ஓடத் தொடங்கிய அன்று காலை நான் வேலைக்குப் போய்விட்டேன், அம்மாதான் சொன்னாள். இரண்டு வாளி மாவையும் கொண்டுபோய் லிஃப்டில் வைத்து, கீழே இறங்கிக் கடைக்குக் கொடுத்துவிட்டு, காலி வாளியோடும் புது அரிசிப் பையோடும் திரும்பி வந்து லிஃப்டுக்குள் நின்றிருக்கிறாள். கதவு மூடப்போகிற நேரத்தில் செக்ரட்டரி வந்திருக்கிறார். அறிவிப்பைப் பார்த்தார், பையைப் பார்த்தார். அம்மா "வாங்க, இடம் இருக்கு" என்றாளாம். நானாக இருந்தால் அதைச் சொல்லியிருக்க மாட்டேன். அவர் ஒரு நிமிஷம் படியைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாராம்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. நாலுதானேங்கன்னு கேட்டுட்டு நானே அமுக்கினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அரிசிப் பை அவரு கால் மேல சாஞ்சுது. நான் நகத்தல."

அதற்குப் பிறகு யாரும் எங்களைப் படியில் போகச் சொல்லவில்லை. ஆனால் அறிவிப்பையும் கிழிக்கவில்லை. அம்மா என்னிடம் ஒரு ஸ்டிக்கர் கேட்டாள். கடை மிஷினில் நல்ல பெரிய எழுத்தில் அடித்துக்கொண்டு வந்தேன். இட்லி மாவு கிடைக்கும். மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு. ஏறி வாங்க. அந்த மிஷினில் 'ங்க'வுக்குத் தாராளமாக இடம் இருந்தது. அம்மா அதைக் கொண்டுபோய்ச் சரியாக அறிவிப்பின் மேல் ஒட்டினாள். ஓரத்தில் 'இப்படிக்கு செயலாளர்' மட்டும் தெரிகிறது. பார்க்கிறவர்களுக்கு அவரே எங்கள் மாவுக்கு விளம்பரம் கொடுத்தது போல இருக்கும்.

சில மாதங்களுக்கு முன் அந்தக் கம்பெனி டூலைப் புதுப்பித்தது. பேச்சுப் பெட்டியைப் பெரிதாக்கியிருக்கிறார்கள். கொம்பு இப்போது முன்னால் வருகிறது. பாதுகாப்பை நீக்கு என்று ஒரு கட்டமும் புதிதாக வந்திருக்கிறது. அதில் டிக் போட்டால் நாம் செய்த ஆள் சாவான். நண்பன் கடையில் இருந்தே போன் செய்தான்.

"மச்சி, பாத்தியா? இப்போ போட்டுத் தள்ளலாம்."

"பன்றியைத் தள்ளிட்டேன்."

"பன்னிய வுடு. பெரியவர இன்னா பண்ணப் போற?"

அவரை நான் ஒன்றும் செய்யப் போவதில்லை. அந்தக் கட்டத்தில் டிக் போடவும் மாட்டேன். செத்துப் போனால் ஏற மாட்டார். பேச்சுப் பெட்டியில் இப்போது 'போங்க' மட்டுமல்ல, ஒரு முழு மன்னிப்புக் கடிதமே எழுதலாம். அதுவும் வேண்டாம். நானே எழுதி நானே வாங்கிக்கொள்கிற மன்னிப்பை வைத்து என்ன செய்வது? புதுப்பித்த பிறகும் ஒன்று மட்டும் மாறவில்லை. யாராவது பார்த்தால்தான் அவர் படியில் ஏறுகிறார். அதை மாற்றச் சொல்லி மன்றத்தில் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு எழுதவில்லை. எங்கள் வீட்டில் பார்ப்பதற்கு ஆள் இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட அம்மா சமையலறையில் இருந்து கேட்கிறாள்.

"ஏறிட்டானா?"

"ரெண்டாவது திருப்பம்மா."

"இரு, தைலம் எடுத்துக்கிட்டு வரேன். அதுக்குள்ள எந்திரிச்சுப் போயிடாத."